வெற்று இலை

கொம்பாற்றங்கரைக் காட்டில் விலங்குகளுக்கென்று ஓர் ஆய்வு அவை இருந்தது. காடெங்கும் அதற்கு ஒன்பது நிலையங்கள். காற்றைக் கவனிக்க ஒன்று, கனி பழுப்பதைக் கவனிக்க ஒன்று, புலியின் நடமாட்டத்தைக் கவனிக்க ஒன்று. எல்லாச் செய்தியும் ஆற்றங்கரை நீர்மருத மரத்தடிக்கு வந்து சேரும். அங்கேதான் அவை கூடும்.

இருபத்திரண்டு மழைக்காலமாக இருவாச்சிப் பறவைதான் அதன் தலைவர். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் ஆயுள் பதவி. பன்னிரண்டு பேரும் நன்றாகத் தூங்குவார்கள்.

ஒருநாள் காட்டின் தலைவியான யானை அங்கே வந்து நின்றது.

"இந்த வருஷம் என்ன கண்டுபிடிச்சீங்க?"

"போன வருஷம் கண்டுபிடிச்சதை இந்த வருஷம் உறுதி செஞ்சோம், தாயே," என்றது இருவாச்சி.

"போன வருஷம் என்ன கண்டுபிடிச்சீங்க?"

இருவாச்சி உதவிக்குப் பக்கத்தில் பார்த்தது. பக்கத்தில் குறட்டைதான் கேட்டது.

யானைக்குக் கோபம் வந்தது. "போன மழைக்கு மேகம் கறுத்ததைப் பார்த்தே வெள்ளம் வருதுன்னு ரெண்டு தடவை எங்களை மலையேத்தினீங்க. ஒரு சொட்டு வெள்ளம் வரலை. சறுக்கி விழுந்து ஒரு மான்குட்டிக்குக் கால் போச்சு. இனி ஒரு தடவை பொய்யா ஊரைக் கிளப்பினா, அன்னிக்கே இந்த அவையைக் கலைச்சிடுவேன்."

அன்றே இருவாச்சியை இறக்கிவிட்டு, நீர்நாயை அந்த இடத்தில் அமர்த்தியது. நீர்நாய் ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் நீந்திப் பார்த்திருந்தது. கரை வளையில் நான்கு குட்டிகளை வைத்துக்கொண்டே வேலையும் பார்த்துவந்தது. அதைவிட்டால் வேறு யார்?

"ஐப்பசி மழைக்குள்ள இந்த அவையை நிமிர்த்திக் காட்டு," என்றது யானை.

நீர்நாய் காட்டியது. ஆயுள் பதவியை ஒழித்தது. "நிலையத்துல போய் வேலை பார்க்கிறவங்க மட்டும் உறுப்பினர்" என்று சொன்னதும், பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. நீர்நாய் அவர்களை வாழ்த்தி அனுப்பிவைத்தது. காடே கைகொட்டிச் சிரித்தது.

அடுத்து, இலைக்குகைக்குள் நுழைந்தது.

அங்கே அழுங்கு உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் செதில், பேச்சில் சிக்கனம். நிலையங்களிலிருந்து வரும் இலைகளை அடுக்கி வைப்பது அதன் வேலை. ஏதாவது நடந்தால் நிலையத்தார் இலையில் முள்ளால் கோடு கீறுவார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மீன்கொத்தி ஒவ்வொரு நிலையமாகப் பறந்துபோய் அந்த இலைகளை வாங்கி வரும்.

நீர்நாய் ஓர் இலைக்கட்டைப் புரட்டியது. ஒரு கோடும் இல்லை. இன்னொரு கட்டு. அதிலும் இல்லை.

"என்ன அண்ணே இது?"

"மேல்மடு நிலையத்து இலைங்கம்மா. அங்க மூணு தவளைங்க இருக்காங்க."

மேல்மடு மலையுச்சியில் இருந்தது. என்றோ சரிந்த பாறைகளும் விழுந்த மரங்களும் அணைபோல் மறித்து, அங்கே நீர் தேங்கியிருந்தது. பாறையில் மூன்று குறிகள். நீர் எந்தக் குறியில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் தவளைகளின் வேலை. மூன்றாம் குறியைத் தொட்டால் அணை தாங்காது.

"நாலு வருஷமா ஒரு கோடுகூட இல்லையே?"

"முதல் குறிக்கே தண்ணி வரலம்மா. ஒண்ணும் நடக்கலைன்னா வெற்று இலை அனுப்பணும். அதுதான் வழக்கம்."

"ஒண்ணும் நடக்கலைன்னு சொல்றதுக்கு ஒரு மீன்கொத்தி மலையுச்சிவரை போய் வரணுமா?"

"வழக்கம் என்னன்னா..."

"வழக்கம் வழக்கம்னு சொல்லித்தான் அண்ணே இந்த அவை குறட்டை விட்டுச்சு."

அழுங்கு இலைகளை அடுக்கப் போய்விட்டது.

மறுநாளே உத்தரவு போனது. இனி வெற்று இலை வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் நிலையத்தார் குரல் கொடுக்க வேண்டும். மீன்கொத்தி வந்து வாங்கிக்கொள்ளும். இலை வராத நிலையத்தில் எல்லாம் நலம் என்று கொள்ளப்படும்.

மீன்கொத்திக்கு இறக்கை வலி தீர்ந்தது. குகையில் இடம் கிடைத்தது. யானை வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் இது அவை மாதிரி இருக்கு," என்று தும்பிக்கையால் நீர்நாயின் தலையைத் தடவிவிட்டுப் போனது.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது.

ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஆறு நாள் விடாமல் பெய்தது. ஆறு கலங்கி ஓடியது. ஆனால் கரையைத் தாண்டவில்லை. கரையோரத்தில் மான்கள் குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தன. நீர்நாயின் குட்டிகள் வளைவாசலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின.

ஆறாம் நாள் காலையில் ஆற்றில் ஒரு மரம் மிதந்து வந்தது. நீர்நாய் அதைப் பார்த்தது. மலையுச்சியில் மட்டும் வளரும் மரம். வேரோடு வந்திருந்தது.

நீர்நாய் இலைக்குகைக்கு ஓடியது. அழுங்கு சுருண்டு படுக்காமல் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, மேல்மடுவிலேருந்து இலை வந்துச்சா?"

"வரலம்மா."

"அப்ப எல்லாம் நலம்."

"அப்படித்தான் உத்தரவு."

நீர்நாய் திரும்பி நடந்தது. நான்கு அடி வைத்துவிட்டு நின்றது.

"அண்ணே. உத்தரவை விடுங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அழுங்கு நீர்நாயின் பக்கம் திரும்பியது. "வெற்று இலையில ஒண்ணும் இல்லைன்னு நினைச்சீங்க. அதுல ஒண்ணு இருந்துச்சும்மா. அங்க ஆள் இருக்கு, உயிரோட இருக்கு, கண்ணைத் திறந்து பார்த்துக்கிட்டு இருக்குன்னு இருந்துச்சு. அது வரலைன்னா நாலாம் நாளே நான் கத்தியிருப்பேன். இப்ப இலை வரலைன்னா நலமா இருக்காங்களா, செத்துட்டாங்களான்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"வாயெடுத்தேன். நீங்க அடைச்சீங்க. நானும் நமக்கென்னன்னு இருந்துட்டேன்."

நீர்நாய் மீன்கொத்தியை அழைத்தது. மீன்கொத்தி காற்றைப் பார்த்தது. "போறேங்க. ஆனா இந்தக் காத்துல போய்த் திரும்ப நாளைக்கு ஆயிடும்."

"போ," என்றது நீர்நாய்.

நாளைவரை காத்திருக்கலாமா? இப்போதே கரையைக் காலி செய்யச் சொல்லி, வெள்ளம் வராமல் போனால் அவை இல்லை. இத்தனை நாள் பாடுபட்டு நிமிர்த்தியது எல்லாம் போகும். கேலி செய்ய இருவாச்சி கிளையில் தயாராக உட்கார்ந்திருக்கிறது. காத்திருந்து, வெள்ளம் வந்தால்? குட்டிகளை மேட்டுக்கு ஏற்ற அரைநாள் ஆகும். தண்ணீர் அரைநாள் பொறுக்காது.

நீர்நாய் மழையில் நனைந்தபடி யானையின் முன்னால் போய் நின்றது.

"தாயே, கரையிலே இருக்கிறவங்க எல்லாரும் இப்பவே மேட்டுக்குப் போகணும்."

"என்ன செய்தி வந்திருக்கு?"

"ஒரு செய்தியும் வரல. அதனாலதான் வந்தேன்."

யானையின் காதுகள் அசைவதை நிறுத்தின. "செய்தி வரலைன்னா நலம்னு சொன்னது யாரு?"

"நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

"வெள்ளம் வரலைன்னா உன் அவை என்ன ஆகும், தெரியுமில்ல?"

"தெரியும். கலைச்சிடுங்க. குட்டிங்க கரையில இருக்கு, தாயே."

யானை அதை உற்றுப் பார்த்தது. மழை இருவர் முகத்திலும் வழிந்தது. பிறகு யானை தும்பிக்கையை உயர்த்திப் பிளிறியது.

காடு ஏறத் தொடங்கியது. மான்கள் முணுமுணுத்தன. "மூணாவது தடவை," என்றது கால் ஊனமான மான்குட்டியின் தாய். நீர்நாய் தன் வளைக்கு ஓடியது. ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஏறியது, வைத்தது, இறங்கியது, அடுத்ததைக் கவ்வியது. நண்பகல் போனது. ஆறு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மேட்டுப் பாறையில் உட்கார்ந்து எல்லாரும் நீர்நாயையே பார்த்தார்கள்.

"தண்ணி எப்ப வருதாம்?" என்று கிளையிலிருந்து கேட்டது இருவாச்சி. சிலர் சிரித்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆற்றில் நீர் குறைந்தது. சிரித்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். நீர்நாய்க்கு மட்டும் மயிர் சிலிர்த்தது. இத்தனை மழையில் ஆறு ஏன் குறைகிறது? மேலே ஏதோ நீரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. மலை பெயர்ந்து வருவதுபோன்ற சத்தம். நீர்மருத மரம் ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் அங்கே மரம் இல்லை, கரை இல்லை, வளைகள் இல்லை, பழுப்பு நீர் மட்டும் ஓடியது.

யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் மழை விட்டது. மீன்கொத்தி இரண்டு தவளைகளுக்கு வழிகாட்டிக்கொண்டு வந்தது.

"மூணு பேரு ஆச்சே?" என்றது நீர்நாய்.

"அணை உடையறவரைக்கும் பெரியவர் குறியைவிட்டு நகரமாட்டேன்னுட்டாருங்க," என்றது ஒரு தவளை. "ஆறு நாளாக் கத்தினோம். மழைச் சத்தத்துல யாருக்குக் கேட்கும்? முன்னெல்லாம் மூணாம் நாள் மீன்கொத்தி வந்துடும். வரும் வரும்னு பார்த்தோம்."

அது ஓர் இலைக்கட்டை நீட்டியது. வேண்டாம் என்று சொன்ன பிறகும், மூன்று நாளுக்கு ஒருமுறை பெரியவர் எடுத்துவைத்த இலைகள். வெற்று, வெற்று, வெற்று. அடுத்ததில் ஒரு கோடு. கடைசியில் மூன்று கோடுகள்.

நீர்நாய் அந்த மூன்று கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்தது.

இருவாச்சி மெல்ல இறங்கி வந்தது. "பழைய வழக்கம்தான் சரின்னு ஆயிடுச்சே. அப்ப நாங்க திரும்பி வரலாமா?"

"இல்லீங்க," என்றது நீர்நாய். "நான் செஞ்ச தப்பு வேற. நீங்க தூங்கினது தூங்கினதுதான்."

அன்றைக்கே அவை மேட்டுப் பாறையில் கூடியது. யானை அதைக் கலைக்கவில்லை. தவளைகள் இரண்டும் மேல்மடு நிலையத்துக்குத் திரும்பின. மூன்றாம் நாள் மீன்கொத்தி புறப்பட்டது. ஒன்பது இலைகளோடு திரும்பி வந்தது. ஒன்பதும் வெற்று இலைகள். அழுங்கு ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கியது. நீர்நாய் கூடவே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தது.

பழையதைத் திருத்த வருகிறவர், பயனில்லாததாகத் தெரியும் ஒன்றை நீக்கும் முன்பு, அது இத்தனை நாளும் எதைக் காத்து நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.