கண்ணை மூடாத வடிவு

ஒரு ஊர்ல ஒரு டெய்லர் இருந்தாராம். பேரு சங்கரபாண்டி. அவர் பொண்டாட்டி சண்முகவடிவு. ஊருக்கெல்லாம் வடிவக்கா. காலை அந்தப் பக்கம் போடுட்டி, என் இடுப்பு மேல போடாத. ஆங். "ம்" கொட்டிக்கிட்டே வரணும், நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

அந்த வடிவுக்கு ஒரே ஒரு குறை. போட்டோ எடுத்தா கண்ணு மூடிக்கிடும். கேமரா பளிச்சுனு வெட்டும், இவ கண்ணு டப்புனு சாத்திக்கிடும். கல்யாண போட்டோல தாலி ஏறுது, இவ தூங்குதா. மக காதுகுத்துல தூங்குதா. பேத்தி செல்போன்ல இருபது எடுத்தா, இருபதுலயும் தூங்குதா. என்ன சிரிப்பு? உன் மொட்டை போட்டோவ எடுத்துக் காட்டட்டா?

அப்போ அவங்களுக்கு அறுபதாங் கல்யாணம் வருது. ஹால் வாசல்ல அம்மா படம் ஒண்ணு பெருசா வைக்கணும்னு மக சொல்லிட்டா. பெட்டியெல்லாம் கொட்டித் தேடுதாங்க, முழிச்சிருக்க வடிவு ஒண்ணுகூட இல்ல. அவளுக்குப் பொலபொலன்னு அழுகை வந்துட்டு.

"நாளைக்கு நான் போயிட்டா எந்தப் படத்துக்கு மாலை போடுவீய? இந்த ஆச்சி காலம் பூரா தூங்கிக்கிட்டே இருந்திருக்கான்னுல்லா பிள்ளைய சொல்லும்?"

சங்கரபாண்டிக்கு மனசு கேக்கல. "நான் வரையுதேன்ட்டி. ஆயில் பெயிண்ட்ல. உன்னை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி."

"நீங்களா? உங்களுக்கு ஒரு நாலு புள்ளிக் கோலம் வருமா?"

"நாப்பது வருசமா அளவெடுத்துத் தைக்கேன். ஒரு மூஞ்சி வராதா?"

ம் சொல்லு. ஆங்.

அப்புறம் துணியக் கட்டையில இழுத்து ஆணி அடிச்சாரு, டொக் டொக் டொக். டெய்லர்லா! துணி விறைப்பா நிக்கி, தட்டுனா டம்முங்குது. இஞ்ச் டேப்பை எடுத்தாரு. வடிவு நெத்தி இத்தனை, கன்னம் இத்தனை, தாடை இத்தனை. சாக்பீஸால கோடு போட்டாரு. கை பழகுன பழக்கம் விடுமா? தையலுக்குன்னு சுத்தி ஒரு இஞ்ச் கூட விட்டுட்டாரு மனுசன்! கண்ணு முழிச்சிருக்கணும்லா, அதுக்குத் தனியா ஒரு அரை இஞ்ச் கூட்டினாரு. அப்புறம் சரக் சரக்னு பெயிண்ட்டை அப்பி, வெயிலுக்கு வாசல்ல வச்சாரு.

எதுத்த வீட்டு மரகதம் வந்தா. பாத்தா. "அண்ணாச்சி, திருஷ்டிப் படம் நல்லா பயங்கரமா இருக்கு. எங்க புது வீட்டு மாடிக்கு ஒண்ணு வரைஞ்சு தாங்களேன்"ன்னா.

உள்ள பாத்திரம் உருளுது, டமால் டுமீல்னு. அன்னைக்கு அவருக்கு ராச்சோறு வெறும் ரசந்தான்.

அப்புறம் ரெண்டாவது தடவை. தையலுக்கு விடாம சரியா கோடு போட்டாச்சு. பெயிண்ட் கடைக்காரர் விவரம் சொல்லிக் குடுத்தாரு. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல், மூக்குக்கு அடியில கொஞ்சம் கருப்பு. அப்படி வச்சாத்தான் நிஜ மூக்கு மாதிரி முன்னால வருமாம். பெயிண்ட் கட்டியா இருந்தா ஆளிவிதை எண்ணெய் ரெண்டு சொட்டு விடணும்னாரு. வீட்டுக்கு வந்தா இவருக்குச் சோம்பேறித்தனம். எண்ணெய்தான வேணும்னு தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து மடமடன்னு ஊத்திட்டாரு.

காயுமா அது? ஒரு நாள் ஆச்சு, காயல. ஒரு வாரம் ஆச்சு, காயல. வெயில்ல வச்சா மினுமினுன்னு இளகுது. மூக்குக்கு அடியில வச்ச கருப்பு மெல்ல, மெல்ல, மெல்ல வழுக்கி வந்து உதட்டுக்கு மேல நின்னுட்டு. சும்மா முறுக்கு மீசை! எறும்பு வேற சாரை சாரையா வந்து அந்த மீசைக்குள்ள மொய்க்கி.

வடிவு வந்து பாத்தா. "எங்க பெரியப்பாவ எதுக்கு வரைஞ்சிருக்கீய?"ன்னா.

அவருக்கு அவமானமாப் போச்சு. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்தான் கெடக்கு. வேற யாராச்சும்னா விட்டுருப்பாரு. அவ அழுதது காதுக்குள்ளயே நிக்குதே!

அப்புறம் மூணாவது தடவை. இப்ப எல்லாம் முறையா. ஆளிவிதை எண்ணெயே ஊத்துனாரு. மொதல்ல மெலிசா ஒரு பூச்சு, அது காயுத வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அடுத்த பூச்சு. முடி வந்துட்டு. மூக்குத்தி வந்துட்டு. கன்னத்து மச்சங்கூட வந்துட்டு. கண்ணு ரெண்டு மட்டும் பாக்கி. அவளை ஜன்னலோரம் நாற்காலியில உக்கார வச்சு உத்துப் பாத்தாரு. பாத்தாரோ இல்லியோ, டப்பு! கண்ணு மூடிக்கிட்டு. கொஞ்ச நேரத்துல கொர்ர்... கொர்ர்...

தூங்கிட்டியாட்டி? இல்லியா? சரி.

மனுசன் பிரஷ்ஷைப் போட்டுட்டு மிஷின்ல போய் உக்காந்துட்டாரு. ஊசியில நூல் அந்துருக்கு. அவருக்குத்தான் என்னைக்குமே ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாதே. "ஏட்டி, நூல் கோத்துத் தாட்டி"ன்னாரு. அவ எந்திரிச்சு வந்தா, தினமும் வாரது மாதிரி. ஊசியக் கழட்டி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சா. நாக்கு நுனியக் கடிச்சுக்கிட்டா. ரெண்டு கண்ணையும் பாக்கணுமே, இந்தா பெருசு! இமை அசையல.

நாப்பது வருசமா இவ கண்ணை முழிச்சு நூல் கோத்துக் குடுத்திருக்கா, இவரு ஊசியத்தான் பாத்திருக்காரு.

"இன்னொரு ஊசி"ன்னாரு, பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு. கோத்தா. "இன்னொண்ணு." கோத்தா. "இன்னொண்ணு."

"ஊருக்கே தைக்கப் போறீயளா? கிறுக்குப் பிடிச்சிருக்கா?" ஏசிக்கிட்டே கோக்கா. இவரு பாக்காரு, வைக்காரு, பாக்காரு, வைக்காரு. முப்பத்தாறு ஊசி!

"இப்ப வந்து பாரு"ன்னாரு.

வந்தா. படத்துல வடிவு நாக்கு நுனியக் கடிச்சுக்கிட்டு, கண்ணை இந்தா பெருசா முழிச்சுக்கிட்டு, இப்ப ஏசப் போறவ மாதிரி நிக்கா. இவ அதையே பாத்துக்கிட்டு நின்னா.

"நான் முழிச்சா இப்படியாங்க இருப்பேன்?"

"இப்படித்தான்ட்டி இருந்திருக்க. நான்தான் பாக்கல."

அவ முந்தானையால மூக்கைச் சிந்திக்கிட்டு, "நான் போனப்புறம் மாட்டலாம்னு வைக்காதீய. இப்பவே ஆணி அடிங்க"ன்னா. டொக் டொக் டொக்.

அறுபதாங் கல்யாணத்தன்னைக்கு அந்தப் படத்தை ஹால் வாசல்ல கொண்டு போய் மாட்டி, அதுக்குக் கீழ ரெண்டு பேரையும் மாலையோட உக்கார வச்சு போட்டோ எடுத்தாங்க. பளிச்! பிரிண்ட் போட்டு வந்துது. நாற்காலியில வடிவு கண்ணை மூடியிருக்கா. தலைக்கு மேல வடிவு முழிச்சிருக்கா. மக தலையில அடிச்சுக்கிட்டா. வடிவுக்கு ஒரே சிரிப்பு. "மூடுனா மூடட்டும் போ. அதான் அவ பாத்துக்கிட்டு இருக்காள்லா"ன்னுட்டா.

அம்புட்டுத்தான் கதை. முழிச்சிருக்கத அந்தப் படம் பாத்துக்கிடும். நீ நாற்காலி வடிவு மாதிரி, பளிச்... டப்பு. ஆங், அப்படித்தான்.