சுவரில் வைத்த பாசி

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் எனக்கும் ஆசை, குழந்தைகளே. ஆனால் இந்தக் கதை நடந்த வடதுருவக் கரையில் காடு ஏது? ஒரு மரம்கூடக் கிடையாது. எங்கிருந்தோ கடல் அடித்துக்கொண்டு வந்து போட்ட கட்டைகள் மட்டும் கரையெங்கும் கிடந்தன.

அந்தக் கரையில் கால் முறிந்த பனிமான் ஒன்று தனியாக நின்றது. அதனுடைய கூட்டம் தெற்கே போய்விட்டது. குளிர்காலம் வந்தால் அங்கே மூன்று மாதம் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது.

"கூட்டம் திரும்பி வரும்வரை உயிரோடு இருந்தால் போதும்" என்றது மான்.

"நாங்கள் இருக்கிறோம், அண்ணா" என்று ஒரு சுண்டெலியும் ஒரு முயலும் அதனோடு சேர்ந்துகொண்டன.

மூன்றும் சேர்ந்து ஒரு மரக்குடில் கட்டின. மான் நொண்டி நொண்டிக் கட்டைகளைக் கொம்பால் உருட்டி வந்தது. சுண்டெலி கட்டைகளுக்கு நடுவே இருந்த சந்துகளில் காய்ந்த பாசியைத் திணித்து அடைத்தது. முயல் என்ன செய்தது என்கிறீர்களா? இப்படி வை, அப்படி வை என்று யோசனை சொன்னது.

வேலை முடிந்ததும் மான் சொன்னது: "பாசி எனக்கும் முயலுக்கும் தீனிதான். ஆனால் சுவரில் வைத்த பாசி சுவருக்கு. எவ்வளவு பசித்தாலும் யாரும் தொடக் கூடாது."

"சரி" என்றன மற்ற இரண்டும். மூன்றும் தத்தம் தீனியைத் தத்தம் மூலையில் சேர்த்துவைத்தன.

குளிர் வந்தது. முயலுக்குத் தன் மூலையில் இருந்த புல்லைத் தின்ன மனம் வரவில்லை. தின்றால் குறைந்துபோகுமே! ஆகவே சுண்டெலி படுக்கும் மூலையில், சுவரிலிருந்து தினம் ஒரு வாய் பாசியைப் பிடுங்கித் தின்றது. அந்த இடத்தில் பனியை வைத்து அப்பிவிட்டது. குடிலுக்குள் இருந்த மூச்சுச் சூட்டில் பனி உருகி, சந்து திறந்துகொண்டது.

"முயலண்ணா, என் முதுகுப் பக்கம் காற்று வருகிறது" என்றது சுண்டெலி.

"அந்தப் பக்கம் அடைத்தது யார்?"

"நான்தான்."

"பிறகு யாரைக் கேட்கிறாய்? அரைகுறை வேலை! உன்னால் மான் அண்ணாவும் அல்லவா நடுங்குகிறார்?"

"நன்றாகத்தானே அடைத்தேன்..." என்று சுண்டெலி முனகியது. பிறகு அதுவே தன்மேல் சந்தேகப்பட்டுவிட்டது. பாவம், அதற்கு முயலைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

மறுநாள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மான் நடுங்கியபடியே கண்ணயர்ந்தது. சுண்டெலி தன் படுக்கையில் இருந்த பாசியை எல்லாம் வாயில் கவ்விக்கொண்டு வாசலுக்குப் போனது.

"எங்கே போகிறாய்?" என்றது முயல்.

சுண்டெலி பாசியைக் கீழே வைத்தது. "உள்ளேயிருந்து அடைத்தால் காற்று தள்ளிவிடுகிறது. வெளியிலிருந்து அடைக்கிறேன். மான் அண்ணாவிடம் சொல்லிவிடாதே, வெட்கமாக இருக்கிறது."

'நான்தான் தின்றேன்.' முயல் சொல்ல வேண்டியது இந்த இரண்டே சொல். வாயைத் திறந்தது. மூடிக்கொண்டது.

சற்று நேரத்தில் சந்து வழியே உள்ளே வந்த காற்று நின்றது. குடில் கதகதப்பானது. மான் கண்ணைத் திறந்து, "அப்பாடா, இப்போதுதான் உயிர் வந்தது" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கியது. முயலும் தூங்கிவிட்டது.

புயல் ஓய்ந்ததும் சுண்டெலியைக் காணோம் என்று மான் வெளியே வந்து தேடியது. சுவர்ச் சந்தில் சுண்டெலி விறைத்துக் கிடந்தது. கொண்டுபோன பாசி போதவில்லை. மிச்ச இடத்தில் தன் உடம்பையே திணித்து அடைத்திருந்தது.

மான் தேம்பித் தேம்பி அழுதது. "நீ அடைத்த சுவர் எப்படியம்மா ஓட்டையானது?" என்று அதைப் பார்த்துக் கேட்டது.

"நான்தான் தின்றேன்" என்றது முயல்.

மான் திரும்பி முயலைப் பார்த்தது. அதன்பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் முயலோடு அது ஒரு வார்த்தை பேசவில்லை.

சூரியன் வந்தது. கூட்டமும் வந்தது. மான் அதனோடு போய்விட்டது. முயலின் மூலையில் பாதிப் புல் அப்படியே மிஞ்சிக் கிடந்தது. முயல் அதைத் தொடவே இல்லை.

நீதி: உன் தவறை நல்லவர் தலையில் கட்டாதே, அவர் அதைத் தன்னுடையது என்றே நம்பிச் சுமப்பார்.