சுனைக்குப் போகும் வழி

பெரிய ஏரியின் நடுவே பட்டுப்போன கருவேல மரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருக்கும். பொழுது விடிந்ததும் அது தன் அலகுப் பையை ஒரு தரம் உதறிவிட்டு, "சுனைக்குப் போறவங்கல்லாம் வாங்க, காத்து கிளம்புது," என்று கூப்பிடும். கரையிலிருக்கும் தவளைகள் பாதிச் சண்டையைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடிவரும்.

ஏரியில் எல்லோரும் அந்தக் கூழைக்கடாவைப் பையண்ணன் என்றார்கள். பாசி என்ற தவளை முதன்முதலாகப் பறந்தது அவருடைய பைக்குள்தான். வால் உதிர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பைக்குள் ஒரே இருட்டு, ஒரே மீன் வாடை. பக்கத்தில் ஒரு கிழத்தவளை தனக்கு வாந்தி வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தது. கடைசிவரை வரவில்லை. பாசியின் அக்கா ஈரம்மா அவளைத் தன் முதுகில் ஏற்றி, அலகின் விளிம்பு வழியாக வெளியே காட்டினாள்.

"அதோ பாருடி. நாம இருக்கப்போற ஏரி."

ஏரி ஓர் இலையின்மேல் நின்ற தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பறந்தாயிற்று. ஆனால் பாசிக்கு ஏரி என்றால் இன்றைக்கும் அந்த இலைத் தண்ணீர்தான்.

சுனை மலையுச்சியில் இருந்தது. பாறைக்குழியில் தேங்கும் மழைத் தண்ணீர். அதில் மீன் கிடையாது. ஏரியில் முட்டையிட்டால் பாதியை மீன் தின்னும், மீதியை நண்டு தின்னும். அதனால் மழை பிறந்ததும் தாய்த்தவளைகள் சுனைக்குப் போவார்கள். குஞ்சுகளுக்குக் கால் முளைத்ததும், கோடைக்கு முன்னால் கீழே இறங்குவார்கள். நடுவில் முள்காடு. பாம்பும் சுடுகல்லும் நிறைந்த அந்தக் காட்டை எந்தத் தவளையும் நடந்து கடந்ததில்லை. வானம் ஒன்றுதான் வழி.

ஏரியில் மீன் எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று தவளைகள் காட்டிக்கொடுக்கும். அதுதான் பறவைகளுக்குக் கூலி. சுனையில் மீன் ஏது? அங்கிருந்து ஏறுபவர்கள் வெறும் கையோடு ஏறுவார்கள். பையண்ணன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"வெயில் ஏறினா மலைக்காத்து சும்மா தூக்கும். றெக்கையை விரிச்சா போதும். அந்தச் சொகத்துக்கு நான்தான் உங்களுக்குக் கூலி தரணும்," என்பார். வாயைத் திறந்தால் பயணிகள் விழுந்துவிடுவார்கள் என்பதால் இதையெல்லாம் மூக்காலேயே பேசுவார்.

பயணியைத் தின்னக்கூடாது என்பது ஏரியைச் சுற்றியிருந்த காட்டின் முதல் சட்டம். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் பாசி, அந்தச் சட்டத்தை மட்டும் ஏன் என்று கேட்டதே இல்லை.

பிறகு வயல்வழி பெருத்தது. ஏரிக்குக் கிழக்கே புதிதாக வயல்கள் வந்தன. வாய்க்கால் நிறைய மீன், வரப்பெல்லாம் நண்டு. அங்கே மீன் காட்ட வரும் பயணிகளை நாரைகளும் கொக்குகளும் பிடித்து இழுத்து, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பறந்தன. ஒருநாள் காலை ஏரிக்கரைக்கு மேலே ஒரு நாரை பையண்ணன்மீது மோதியது. பைக்குள்ளிருந்து ஒரு தவளைக்குஞ்சு நழுவிப் பாறையில் விழுந்தது.

அன்று காடே கூடி அழுதது. அழுது முடித்ததும் சட்டம் போட்டது. ஒரு வழிக்கு ஒரு கூட்டம்தான் பறக்கலாம். அனுமதிக்கு அடையாளமாக ஒரு மயிற்பீலி. வயல்வழியில் கொழுக்கிறவர்கள் சுனைவழியிலும் பறந்தாக வேண்டும். இரண்டு பீலியும் சேர்த்துத்தான் தரப்படும். ஒன்றை விட்டால் இரண்டும் போய்விடும்.

நல்ல சட்டம். பாசியே கைதட்டினாள்.

அனுமதி தரும் பொறுப்பு மயிலாருக்குப் போயிற்று. மயிலார் அதிகம் பறந்தவர் இல்லை. புளியமரத்தின் கீழேயிருந்து மேலே ஏறுவார், மேலேயிருந்து கீழே இறங்குவார். ஆனால் பீலி அவரிடம்தானே இருக்கிறது? அவருக்கு உதவிக்கு ஒரு செம்போத்து. அதுவும் பாதி நேரம் நடந்தே போகிற பறவை.

இரண்டு பீலியையும் மஞ்சள்மூக்கு நாரைகள் வாங்கின. தனி ஆளான பையண்ணனால் வயல்வழியைத் தாங்க முடியாது. "அவங்க பெரிய கூட்டம். நல்லாவே பாத்துக்குவாங்க," என்று சொல்லி அவர் கருவேல மரத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்குச் சில நாள் முன்புதான், அந்த மழைக்கு முதல் பயணியாக, ஈரம்மாவை அவர் சுனையில் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

மழை போயிற்று. பனி போயிற்று. வயலுக்கு நாரைகள் காலையும் மாலையும் பறந்தன. சுனைப் பக்கம் ஓர் இறகுகூட அசையவில்லை. கோடை தொடங்கியதும், மலைப்பக்கமிருந்து வந்த உழவாரக் குருவி ஒன்று ஏரியில் தண்ணீர் குடிக்க இறங்கியது.

"சுனையில தண்ணி சுருங்கிடுச்சு. ஒரு தாமரை இலையளவுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

பாசி நேரே நாரைத் தலைவனிடம் போனாள்.

"சுனைக்கு எப்போ போறீங்க?"

"போவோம்."

"எப்போன்னு கேட்டேன்."

"காத்து பாக்கணும்ல."

"வயலுக்குப் போறப்ப எந்தக் காத்தைப் பாத்தீங்க?"

நாரை காலை மாற்றி நின்றது. "வயல்ல நண்டு இருக்கு. சுனையில என்ன இருக்கு?"

"எங்கக்கா இருக்கா."

"அதைத் தின்னக்கூடாதுன்னு சட்டமாச்சே."

மற்ற நாரைகள் அலகைத் தட்டிச் சிரித்தன. பாசிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "அப்ப அந்தப் பீலியைத் திருப்பிக் குடுங்க. பறக்கிறவங்க பறக்கட்டும்," என்றாள்.

"அதைக் குடுத்தா வயல் பீலியும் போயிடும், தாயி. நாங்க என்ன பைத்தியமா?"

மயிலாரிடம் போனாள். மயிலார் புளியமர நிழலில் இருந்தார்.

"சுனைக்குத்தான் வழி கொடுத்தாயிற்றே," என்றார்.

"குடுத்தீங்கய்யா. யாரும் பறக்கலையே."

செம்போத்து குறுக்கே வந்தது. "நானே போய்ப் பாத்தேன். நாரைக் கூட்டுல பீலி பத்திரமா இருக்கு."

"வானத்துல பாத்தீங்களா?"

"வானம் என் வேலை இல்லை. கூட்டைப் பாக்கிறதுதான் என் வேலை."

"அப்ப பையண்ணனாவது போகட்டுமே."

"அதெப்படி? ஒரு வழிக்கு ஒரு பீலி. அதுதான் கொடுத்தாச்சே," என்றார் மயிலார்.

பாசி விடவில்லை. சட்டம் எதற்காகப் போட்டது என்று கேட்டாள். சுனைக்கு யாராவது பறக்க வேண்டும் என்று போட்ட சட்டம், இன்றைக்கு யாருமே பறக்க முடியாதபடி செய்துவிட்டதே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். பொழுது சாயும்வரை கேட்டாள். மயிலார் கொட்டாவி விட்டார். கரையில் இருந்த தவளை ஒன்று, "இவ பேசிப் பேசியே ஏரியும் வத்திடும்போல," என்றது.

அவள் கருவேல மரத்தடிக்கு நீந்தினாள்.

"பையண்ணே, பீலி இல்லாமலே போயிடுவோம். யாரு பாக்கப்போறா?"

பையண்ணன் அலகைத் தாழ்த்தி அவளைப் பார்த்தார்.

"அன்னிக்கு விழுந்துச்சே ஒரு குஞ்சு, அதோட பேரு உனக்குத் தெரியுமா?"

பாசிக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும். இந்தச் சட்டம் வேணும்னு கெஞ்சிக் கேட்டதே நான்தான். நானே மீறினா, நாளைக்கு இன்னொருத்தன் வயலுக்கு மீறுவான். மறுபடியும் மேலே முட்டிக்குவோம். மறுபடியும் ஏதாச்சும் ஒரு குஞ்சு விழும். என்னால ஆகாதும்மா."

சண்டை போடத்தான் பாசி வந்திருந்தாள். போடாமலே கரைக்குத் திரும்பினாள். சட்டத்தை உடைக்க முடியாது. அப்படியென்றால் அதை நிமிர்த்தத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக நாரைக் கூடுகளுக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தாள். பிறகு புளியமரத்தடிக்குப் போனாள். மயிலார் தோகையை வெயிலுக்குத் திருப்பித் திருப்பி, யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பாசிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இவரிடம் போய் ஒரு பகல் முழுக்க நியாயம் பேசினோமே!

"ஐயா, உங்க பீலியை இப்போதான் நாரைக் கூட்டுல பாத்துட்டு வர்றேன்," என்றாள்.

"அப்படியா? எப்படி இருக்கிறது?"

"எச்சத்துக்குள்ள இருக்கு."

மயிலாரின் கழுத்து நிமிர்ந்தது. செம்போத்து தரையைப் பார்த்தது. "லேசாத்தான் பட்டிருக்கு. மத்தபடி பத்திரமா..." என்று இழுத்தது.

"என் பீலிமேலேயா?"

"அதையே மலையுச்சிப் பாறையில நட்டு வெச்சா எப்படி இருக்கும், ஐயா?" என்றாள் பாசி. "வெயில் பட்டு மின்னினா மூணு காட்டுக்குத் தெரியும். ஒவ்வொரு வழியோட பீலியும் அந்த வழி முடியற இடத்துல நிக்கட்டும். யார் தினமும் போய் அதைத் தூசி தட்டி நிமித்தி வெக்கிறாங்களோ, வழி அவங்களுக்கு. போகாம விட்டா, போறவங்களுக்கு."

"தூசி தட்டத்தான் வேண்டும்," என்றார் மயிலார். கொஞ்சம் யோசித்து, "தினமும் தட்ட வேண்டும்," என்றார்.

அந்த வார்த்தையோடு சட்டம் மாறியது. நாரைத் தலைவன் பீலியைக் கவ்விக்கொண்டு மலைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. சுனைவழியில் அது பறந்ததே இல்லை. வெயில் ஏறி மலைக்காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாய் இறக்கையை அடித்து அடித்துப் பறந்து, முள்காட்டுக்கு மேலேயே மூச்சுத் திணறித் திரும்பி வந்தது. பீலியை மயிலார் காலடியில் போட்டது.

"மலைக்காத்து எங்களுக்கு ஒத்துக்கலை," என்றது.

"வயல் மீனாச்சும் ஒத்துக்குதா?" என்று பாசி கேட்டாள். "வயல்வழி உங்ககிட்டயே இருக்கட்டும். சுனைக்குப் பறக்கிறவருக்கு உங்க வாய்க்கால் மீன்ல ஒரு பங்கு குடுங்க. கூலி கிடைக்காத வழியைக் கூலி கிடைக்கிற வழிதானே தாங்கணும்?"

மயிலார் தலையாட்டினார்.

அன்று வெயில் ஏறும்வரை காத்திருந்து, பையண்ணன் பீலியோடும் பாசியோடும் கிளம்பினார். பைக்குள் அதே இருட்டு, அதே மீன் வாடை. பாசி கண்ணை மூடிக்கொண்டு அந்த வாடையை நெஞ்சு நிறைய இழுத்தாள். பக்கத்தில் வாந்தி வரப்போகிறது என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

"ஏண்ணே ஒண்ணும் பேசாம வர்றீங்க?"

"முன்ன மாதிரி இல்லம்மா. மூச்சு வாங்குது."

பிறகு காற்று அவர்களைத் தூக்கியது. இறக்கை அசையவில்லை. கீழே முள்காடு சத்தமில்லாமல் நழுவியது. சிறு வயதில் இந்தப் பயணம் முடியவே கூடாது என்று அவள் ஆசைப்பட்டதுண்டு. இன்றைக்கு, இன்னும் வேகமாகப் போகக்கூடாதா என்று தவித்தாள்.

சுனையில் தண்ணீர் இல்லை. சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருந்தது. பாசி கூப்பிட்டாள். பதில் இல்லை. வெடிப்பு வெடிப்பாக முகத்தை வைத்துக் கூப்பிட்டாள். கடைசியில் பாறை நிழலில், கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்த இடத்தில், சேறு கண் திறந்தது.

ஈரம்மாதான். எலும்பும் தோலுமாக இருந்தாள். அவளுடைய வயிற்றடியில் சில குஞ்சுகள் ஒட்டிக்கிடந்தன. மழையில் சுனை நிறைய நீந்திய கூட்டத்தில் அவ்வளவுதான் மிச்சம்.

"எதுவாச்சும் மேலே பறக்கிறப்பல்லாம், 'அதோ வந்துட்டாங்க'ன்னு இதுங்ககிட்ட சொல்லுவேன்," என்றாள் ஈரம்மா. "அப்புறம் சொல்றதை விட்டுட்டேன். ஏண்டி ஒருத்தரும் வரலை?"

பாசியிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. நாரையைச் சொல்லலாம், செம்போத்தைச் சொல்லலாம், கூட்டில் கிடந்த பீலியைச் சொல்லலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் குனிந்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக முதுகில் ஏற்றிப் பைக்குள் விட்டாள். கடைசியாக அக்காவைத் தாங்கிப் பிடித்து ஏற்றினாள். பையண்ணன் பாறை இடுக்கில் பீலியை நட்டுவிட்டு, வழக்கத்தைவிட மெதுவாக இறக்கையை விரித்தார்.

பீலி வெயிலில் மின்னியது. கீழே புளியமரத்தடியில் மயிலார், காடே தன்னைப் பார்ப்பதாக நினைத்துப் பூரித்தார். ஆனால் காடு பார்த்தது, பீலிக்குப் பக்கத்திலிருந்து எழும்பி, ஏரியை நோக்கி இறங்கிவந்த அந்த வெள்ளை இறக்கைகளை. அடுத்த மழைக்குச் சுனைக்குப் போகவேண்டிய தவளைகள் கரையில் வந்து நின்று, அது தண்ணீரைத் தொடும்வரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒருவருக்குப் பறக்க அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. அவர் பறக்கிறாரா என்று தினமும் அண்ணாந்து பார்ப்பதும் கொடுத்தவரின் கடமை, ஏனென்றால் பறக்காதவரிடம் முடங்கிக் கிடக்கும் வழியின் மறுமுனையில் எப்போதும் ஓர் உயிர் காத்திருக்கிறது.