வெயில் கேட்ட சந்தனக்கனி

ஒரு ஊர்ல, கடலோரமா, சந்தனக்கனின்னு ஒருத்தி இருந்தாளாம். உப்பு விளைவிக்கறவ. பாத்தியில கடல் தண்ணிய விடுவா, வெயில்ல தண்ணி வத்தும், உப்பு பூக்கும். ஆனா பொறுமைன்னா கிலோ என்ன வெலைன்னு கேப்பா. அப்படியே உன்ன மாதிரி! காலை ஆட்டாம கேளு.

அவ புருஷன் லிங்கத்துரை. பாய் கட்டுன வள்ளத்துல மீன் பிடிக்கப் போனான். போகும்போது, "ஏட்டி, நான் வாரதுக்குள்ள உப்ப எடுத்து வை. இல்லன்னா பிடிச்ச மீனு பூரா நாறிப்போகும்"னு சொல்லிட்டுப் போனான்.

அவளுக்கு இருப்பு கொள்ளல. பாத்திக்கு ஓடுவா, கடலப் பாப்பா, திரும்ப பாத்திக்கு ஓடுவா. ம் சொல்லு.

"ம்."

அப்புறம் அண்ணாந்து பாத்து, "ஏ சூரியா, இன்னும் கொஞ்சம் காயேன்"னா. "காயறேன் தாயி. ஆனா என் சூடு உன் பாத்தியோட நிக்காதே"ன்னுச்சு சூரியன். அவ காதுலயே போட்டுக்கல. சுள்ளுனு அடிச்சுது வெயில். தண்ணி ஆவியாகி மேல போச்சு. ஓரத்துல வெள்ளையா உப்பு தெரிஞ்சுது.

அவளுக்குப் பத்தல. "இன்னும்!"னா. அப்போ கரை மண்ணு கொதிச்சுது. மண்ணு மேல இருந்த காத்தும் சூடாகி, லேசாகி, மேல ஏறிடுச்சு. அந்த எடம் சும்மா கெடக்குமா? கடல் மேல இருந்த குளுந்த காத்து விர்ருனு ஓடியாந்துச்சு. அவ சேலை படபடன்னு அடிச்சுது.

"இன்னும்! இன்னும்!"னு கத்துனா. தூங்கிட்டியா?

"இல்ல, சொல்லு."

அப்போ ஆவியெல்லாம் உசரத்துக்குப் போயிருச்சு. உசரத்துல ஒரே குளுரு. குளுந்து, திரண்டு, கருகருன்னு மேகமாச்சு. பளிச்சுனு மின்னல், தடதடன்னு இடி, சோன்னு மழை! "ஐயோ, என் உப்பு!"ன்னு விழுந்தடிச்சு ஓடுனா. கையில அகப்பட்டது ஒரு பிடி. மிச்சமெல்லாம் கரைஞ்சே போச்சு.

திரும்பிப் பாத்தா, கரையில லிங்கத்துரை! அந்தக் கடல் காத்து பாயில புகுந்து வள்ளத்தச் சீக்கிரமே தள்ளிக்கிட்டு வந்துருச்சு. வள்ளம் நெறைய மீனு.

"உப்பு எங்கட்டி?"

அவ ஓன்னு அழுதா. "உப்புக்காகவா வெயில் கேட்டேன்? உப்பு வெளைஞ்சா நீங்க வந்துருவீகன்னுல்ல கேட்டேன்!"

"அதான் வந்துட்டேன்ல"ன்னான் அவன்.

அப்புறம் மீனையெல்லாம் நாறுறதுக்கு முன்னாடி ஊருக்கே குடுத்துட்டாங்க. சந்தனக்கனி மூடுன கையத் தொறந்தா. ஈரமா, ஒரு சட்டிக் கொழம்புக்குப் போதுமான உப்பு இருந்துச்சு.

கொழம்பு கொதிச்சுது, மழை விட்டுச்சு, கதையும் தீந்துச்சு. கண்ண மூடிட்டுத் தூங்கு. யாரும் கேக்காமலே காலையில வெயில் வரும்.