சென்னியப்பன் சாருக்குத் தெரியவில்லை

இந்தக் கதையில் சீடருக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு நாற்பத்து மூன்று. தாடி, காவி, ஆலமரம் எதுவும் கிடையாது. கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் பின்பக்கக் கட்டிடத்தில், புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய ஏ.சி. அறைதான் ஆசிரமம்.

குருவின் பெயர் சுகந்தி. மூன்று கம்பெனிகள் தொடங்கி இரண்டை மூடியவர். சீடர் சென்னியப்பன், பெரிய நூற்பாலை ஒன்றில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டார்ட்அப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் மென்டராக இருங்கள் என்று அவரைக் கூட்டி வந்ததே சுகந்திதான். சம்பளம் கிடையாது. காபி உண்டு, அதுவும் சுமார்.

மில்லில் இருந்த காலத்தில் "யோசித்துச் சொல்கிறேன்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் வரும். இங்கேயும் அப்படித்தான் இருந்தார், போன வாரம் ஒருநாள் வரைக்கும்.

அன்று ஒரு மைசூர்பாகுப் பெட்டியோடு உள்ளே வந்தார். முகம் மட்டும் இனிப்பு கொண்டு வந்தவர் முகமாக இல்லை.

"நாளையிலிருந்து நான் வரலீங்க மேடம்."

"உக்காருங்க சார். என்ன விசேஷம், ஸ்வீட்டெல்லாம்?"

"விசேஷமா? கம்பு பிஸ்கட் போட்டானே ஒரு பையன், அவன் கம்பெனியை மூடிட்டான். அதுக்குத்தான் ஸ்வீட்டு."

அவர் கொட்டித் தீர்க்கட்டும் என்று சுகந்தி விட்டுவிட்டார்.

"ஒரு பெரிய கடைக்காரங்க அவன் சரக்கு மொத்தத்தையும் எடுத்துக்கறேன்னாங்க. சேந்துக்கடான்னு சொன்னேன். சேந்தான். வருஷம் திரும்பறதுக்குள்ள அவங்களே சொந்தமா பிஸ்கட் போட ஆரம்பிச்சுட்டாங்க. இவன் நேத்து வீட்டுக்கு வந்து, இந்தப் பெட்டியைக் குடுத்துட்டு, 'நீங்க இல்லீன்னா நான் இல்லீங் சார்'னு கால்ல விழறான். எனக்குக் கூசிப்போச்சுங்க."

"சரி."

"வாடகைக்கு டிராக்டர் விடறானே இன்னொருத்தன், அவனையும் ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டுச்சு. அவனுக்கும் அதையேதான் சொன்னேன். காதுலயே போட்டுக்கலை. இன்னிக்கு மூணு மாவட்டத்துல அவன் வண்டி ஓடுது. நான் போன் பண்ணினா எடுக்கறதில்லை."

"சரி."

"என்னங்க சரி? என் பேச்சைக் கேட்டவன் கெட்டுப்போயி கும்பிடறான். கேக்காதவன் நல்லா இருந்துட்டு திரும்பிப் பாக்க மாட்டேங்கறான். இத்தனை நாள் வந்து போனதுல எனக்கு என்னங்க மேடம் கிடைச்சுது?"

குரு பெட்டியைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டார்.

"நல்ல நெய் சார்."

சென்னியப்பனுக்குக் காலையில் ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டோமா என்று சந்தேகம் வந்தது.

"பெனாசிர் வெளிய காத்துட்டிருக்காங்க. அவங்களைப் பாத்துட்டுப் போங்க," என்றார் சுகந்தி.

"வேண்டாங்க. அந்தப் பொண்ணு எதுக்கு வந்திருக்குன்னு தெரியும். மறுபடியும் அதே கேள்வி."

அதே கேள்விதான். ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கும் வயதானவர்களுக்கு, பிள்ளைகள் வெளியூரில் இருந்தால், துணைக்குப் பெண்களை அனுப்புவது பெனாசிரின் தொழில். ஒரு பெரிய ஆஸ்பத்திரி அவளை எங்களோடு சேர்ந்துவிடு என்று கூப்பிட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் எல்லோருக்கும் நிலையான வேலை, ஆனால் இப்போது ஒருவரை மட்டும் பார்க்கும் ஒருத்தி நாலு நோயாளிகளைப் பார்க்க வேண்டும். போடாவிட்டால் கம்பெனி இன்னும் கொஞ்ச காலம் தாங்குவதே கஷ்டம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"என்னங்க சொல்லட்டும் அவகிட்ட?"

"உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க."

"ஒண்ணும் தோணலீங்களே!"

"அப்ப அதைச் சொல்லுங்க," என்று சுகந்தி கதவைத் திறந்துவிட்டார்.

பெனாசிர் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "கையெழுத்துப் போடட்டுங்களா சார்?"

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"எனக்குத் தெரியலம்மா."

சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆளிடம் எதற்கு வந்தோம் என்று அவள் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான் சார் தெரியலை. யார்கிட்டயும் அதைச் சொல்ல முடியலை," என்றாள். கண் கலங்கிவிட்டது.

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, உன் ஆளுக அங்க போயி என்னதான் பண்ணுவாங்க?" என்று கேட்டார் சென்னியப்பன். இத்தனை மாதமாக மென்டராக இருக்கிறார், இதை இப்போதுதான் கேட்கிறார்.

"மருந்து எடுத்துக் குடுப்பாங்க. டாக்டர் சொல்றதைப் பிள்ளைகளுக்குப் போன்ல சொல்லுவாங்க. மத்தபடி பேசிட்டிருக்கறதுதான் சார். ஒரு பாட்டையா தூங்கற வரைக்கும் எங்க மும்தாஜ் அக்கா கையை விடவே மாட்டாராம்."

"நாலு பேரைப் பாக்கறப்ப?"

"அப்ப கையை எப்படி சார்…"

அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். சென்னியப்பனும் அந்த வாக்கியத்தை முடித்து வைக்கவில்லை. வழக்கமாக முடித்து வைப்பார்.

பெனாசிர் எழுந்தாள். "ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்னு எழுதித் தந்தா கையெழுத்துப் போடறேன்னு சொல்லிடறேன் சார்."

"அப்படின்னா நீயே வேண்டாம்னு அவங்க சொல்லிட்டா?"

"சொல்லலாம்."

"கம்பெனி?"

"தெரியலை சார்," என்றாள். ஆனால் இந்தத் தடவை தெம்பாகச் சொன்னாள். போகிற போக்கில் ஒரு மைசூர்பாகும் எடுத்துக்கொண்டு போனாள்.

கதவு சாத்தியதும் சென்னியப்பன் குருவைப் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், நான் அவளுக்கு நல்லது பண்ணினனா, கெடுத்துட்டனா?"

"தெரியலை சார்."

"நான் ஒண்ணுமே சொல்லலை. அவளா பேசினா, அவளா முடிவு பண்ணினா. எனக்கு எதுக்குங்க இப்படி நெஞ்சு படபடங்குது? ஆஸ்பத்திரியில என்ன சொல்லப் போறாங்களோன்னு இருக்குது. வீட்டுக்குப் போகவே தோணலை. பயமாவும் இருக்குது, என்னவோ சந்தோஷமாவும் இருக்குது. ஒண்ணும் புரியலீங்க."

"கடைசியா எப்ப சார் உங்களுக்கு இப்படி இருந்துச்சு?"

சென்னியப்பன் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். ஜெனரல் மேனேஜராக இருந்த வருஷங்களில் தேடினார், இல்லை. அதற்கு முன்னால் மேனேஜராக இருந்தபோதும் இல்லை.

"மில்லுல சேந்த புதுசுலீங்க. ஒரு மெஷின் பேரும் தெரியாது. யாரைப் பாத்தாலும் கேள்வி கேட்டுட்டே திரிவேன். அப்ப எனக்கு இருபத்து மூணு."

சுகந்தி பெட்டியை மூடி அவர் பக்கமாக நகர்த்தினார்.

"நல்ல வயசு சார்."