கறுப்புச் சுரம் தேடிய நால்வர்

மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு மாதா கோயில். அங்கே கல்யாணத்துக்குக் கல்யாணம் வாத்தியம் வாசிக்க நாலு பேர்: சவரிமுத்து, லூர்து, மிக்கேல், ஆசீர்வாதம். நாலு பேர் மூளையையும் வழித்து ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கோழிக்குக்கூடப் பற்றாது. இந்த லட்சணத்தில் தலைவன் வேறு. அது சவரிமுத்து.

மளிகைக்கடை முதலாளி, தவுக்கே லிம்முக்கு ஒரே மகள், மேய் லான். வெள்ளைக்காரர்களின் கல்யாணப் பாட்டைத் தாத்தாவின் குழலில் ஊதினால்தான் கோயிலுக்குள் கால் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நுனியில் வாய் வைத்து ஊதும் மூங்கில் குழல் அது. சீனாவிலிருந்து வந்த தாத்தாவின் நினைவாக வீட்டில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதைப் போய் இந்த நால்வர் கையில் கொடுத்தார் தவுக்கே. அவரை என்னவென்று சொல்ல.

பாட்டில் பாதிச் சுரம் குழலில் வரவில்லை. கோயிலில் ஆர்கன் வாசிக்கும் மாசிலாமணியிடம் போய்க் கேட்டார்கள்.

"அதெல்லாம் பியானோவுல கறுப்புக் கட்டையில இருக்கிற சுரம்ப்பா," என்றார் அவர்.

உடனே வீட்டுக்குப் போய்க் குழலுக்குக் கரி பூசி ஊதினார்கள். நாலு பேர் வாயும் கறுத்ததுதான் மிச்சம்.

மறுபடி போனார்கள். மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவுல இருக்குடா அந்தச் சுரம். விரலைப் பாதி எடுங்க, வரும்."

நால்வரும் கூடி யோசித்தார்கள்.

"பாதி விரலை எடுத்தா வலிக்குமே," என்றான் லூர்து.

"யாரு விரலுன்னு அவரு சொல்லலையே," என்றான் மிக்கேல்.

எல்லாரும் ஆசீர்வாதத்தைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"விரலு எதுக்கு? சுரம் நடுவுல இருக்குன்னுதானே சொன்னாரு. தோண்டி எடுத்துக்கலாம்," என்றான்.

இவனுக்கு இவ்வளவு புத்தியா என்று மற்ற மூவரும் மலைத்துப்போனார்கள். துளைக்கும் துளைக்கும் நடுவே துளை போட்டார்கள். புதுத் துளைக்கும் பழைய துளைக்கும் நடுவே இன்னும் இடம் இருந்தது. அங்கேயும் போட்டார்கள். ஊதினால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

கல்யாணத்தன்று காலையில், "காத்துப் போகுதுங்க," என்று மாசிலாமணியிடம் முறையிட்டான் சவரிமுத்து. அவர் வேலை மும்முரத்தில் திரும்பியே பார்க்கவில்லை. "போற இடத்துல மெழுகை வச்சு அடைங்கடா," என்றார்.

மெழுகுவர்த்தியை உருக்கி எல்லாத் துளையையும் அடைத்தார்கள். வாய் வைக்கிற இடத்தில்தான் காற்று ரொம்பப் போகிறது என்று லூர்து கண்டுபிடித்தான். அந்த மேதை அதையும் அடைத்தான்.

மேய் லான் கல்யாண கவுனில் வாசலில் வந்து நின்றாள். "ஒரு சுரத்துக்கு ஓர் அடி எடுத்து வைம்மா," என்றார் பாதர். சவரிமுத்து கண் பிதுங்க ஊதினான். சத்தமே இல்லை. பெண்ணும் அசையவில்லை. பீடத்தடியில் மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. மகள் இப்படியே திரும்பிப் போய்விடுவாளோ என்று தவுக்கேவுக்கு அழுகை முட்டியது.

"சுரமெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"பத்திரமா உள்ளதான் இருக்கு தவுக்கே. ஒண்ணுகூட வெளிய போகல," என்றான் சவரிமுத்து.

"வெளிய விடுங்கடா," என்று பல்லைக் கடித்தார் மாசிலாமணி.

மிக்கேல் கோயில் தோட்டத்துக்கு ஓடிப் பாராங் கத்தியோடு வந்தான். ஒரே வெட்டு. குழல் படாரென்று இரண்டாகப் பிளந்தது. தவுக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சவரிமுத்து பெண்ணைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டான்.

"பாட்டு முழுக்க ஒரே சத்தமா வந்துடுச்சும்மா. நீங்களும் ஒரே அடியா பீடத்துக்குப் போயிடணும்."

அதற்குள் ஆசீர்வாதமும் லூர்தும் ஆளுக்கொரு பக்கமாக அவளைத் தூக்கிவிட்டார்கள்.

"சார், பிடிச்சுக்குங்க," என்று மாப்பிள்ளையிடம் சொன்னான் மிக்கேல்.