வயலில் இறங்கிய ராஜா

முன்னொரு காலத்தில் மூங்கில்கோட்டைச் சீமையை மேகவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆடிக்காற்று மாதிரி மனசு. எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கே தெரியாது.

ஒருநாள் மேல்மாடத்தில் நின்றவர் காதில், தூரத்து வயலிலிருந்து நடவுப் பாட்டு ஒன்று மிதந்து வந்தது. சொல் எட்டவில்லை, மெட்டு மட்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

"யார் கட்டிய பாட்டு இது?"

பக்கத்தில் நின்ற ஆஸ்தானக் கவிராயர் தாண்டவராயர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அடியேன்தான், பிரபு. ஊர்ச்சனம் திருடிப் பாடுகிறது."

"அப்படியா? இனி உம்மைத் தவிர ஒருவரும் பாடக் கூடாது!"

தண்டோரா போட்டார்கள். வயல்கள் ஊமையாயின. பாட்டில்லாமல் நடவு நகருமா? ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பின்தங்கினாள், எல்லாருக்கும் இடுப்பு விட்டுப்போனது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் நட்டும் பயனில்லை.

அந்தக் கூட்டத்தில் முதலடி எடுத்துக் கொடுப்பவள் சடைச்சி. பாடத்தான் வாய் திறப்பாள். பேச என்றால் கூச்சம். அவள் கால் சேற்றைக்கூடக் கழுவாமல் அரண்மனைக்குக் கிளம்பினாள். "பாட்டு இல்லாம திரும்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

சபையில் அவளைக் கண்டதும் கவிராயர் மூக்கைப் பொத்தினார். "பளிங்குத் தரையெல்லாம் சேறு! உனக்கும் கவிதைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சடைச்சி முற்றிய நாற்றை நினைத்துக்கொண்டாள். "பாட்டு முழுக்க ஐயா கட்டினதுங்களா?"

"முழுக்க!"

"நடுவுல வேற யாரும் ஒரு அடி சேர்க்கலீங்களே?"

"என் பாட்டில் கைவைக்க யாருக்குத் துணிச்சல்? ஒவ்வோர் அடியும் என்னுடையது. சத்தியம்!"

"அப்ப ஐயா பாட்டை ஒருதரம் பாடிக்காட்டுறேன். உத்தரவு கொடுங்க சாமி."

ராஜா தலையாட்டினார். சடைச்சி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்:

"வெள்ளைக் குதிரையில வேட்டைக்கு வந்தாராம்,
வரப்பு வழுக்கி ராசா வயலுக்குள்ள விழுந்தாராம்,
முறுக்கின மீசையில முழத்துக்குச் சேறாம்!"

போன வருஷம் வேட்டைக்குப் போனபோது விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் ராஜா இதுவரை நம்பியிருந்தார்.

"கவிராயரே! இந்த அடியும் உம்முடையதா?"

"ஐயையோ! இதை நான் கட்டவே இல்லை, பிரபு! பாட்டே என்னுடையதில்லை!"

"பிறகு யாருடையது?"

"அந்த அடி என்னுது சாமி," என்றாள் சடைச்சி. "நடவு வரிசையில அவளவ முறை வந்தா ஒரு அடி போடணும். போடாதவ மூஞ்சியில சேறு. வரப்புல யார் போனாலும் பாட்டுக்குள்ள வந்துடுவாங்க. இந்தப் பாட்டுக்குக் கடைசி அடி இன்னும் வரலை."

"தலை போகுமென்று பயமில்லையா உனக்கு?"

"இருக்கு சாமி. நாத்து முத்திட்டா ஊரே பட்டினி. அந்தப் பயம் பெருசா இருக்கு."

ராஜா அவளையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாட்டை எடுத்துக்கொண்டு போ, தாயே! உங்கள் நடவு முடியும்வரை கவிராயரும் வரிசையில் நிற்பார். முறை வந்தால் அடி போடட்டும். இல்லையென்றால் வழக்கப்படி நடக்கட்டும். ஒரே ஒரு திருத்தம்: நான் விழவில்லை, இறங்கினேன்."

"சரிங்க சாமி" என்று கும்பிட்டாள் சடைச்சி.

அன்று மாலைக்குள் கவிராயரின் முகம் அடையாளம் தெரியவில்லை. பாட்டும் ஓரடி வளர்ந்திருந்தது. மூங்கில்கோட்டைப் பக்கம் நடவு நடக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். இன்றைக்கும் இப்படித்தான் பாடுகிறார்கள்:

"விழுந்தாராம் ராசா விழுந்தாராம்,
எழுந்து நின்னு, எறங்கினேன்னு சொன்னாராம்!"